பேய் ஏன் மம்பட்டி கேட்கும்?

மாயாஜாலக் கதை எழுதும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பினார். அவர் கதையில் வரும் பிசாசிடம் நெருப்பு பாதி பலிக்கும், மந்திரம் கால்வாசி பலிக்கும், இரும்பு பட்டால் ஆள் காலி. வீடியோ கேம் கணக்கு. "சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். கணக்கில் குறையில்லை. ஆனால் கதை இன்னும் தொடங்கவே இல்லை என்று தோன்றியது. ஏன் என்று சொல்ல எங்க அப்பத்தாகிட்ட போகணும்.

சின்னமனூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீர் பாயும் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் எங்களுடையது ஒரு துண்டு. முறைத் தண்ணீர் ராத்திரியில் வந்தால் அப்பா தனியாகத்தான் போவார். கிளம்பும்போது அப்பத்தா சொல்லும்: "மம்பட்டியக் கீழ வைக்காத. யாரு கேட்டாலும் குடுத்துராத."

முதல் பாதி புரியும். பேய்க்கு இரும்பு ஆகாது. பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்புத்துண்டு வைப்பதும் அதற்குத்தான். ஐரோப்பாவில் வாசலில் குதிரை லாடம் அடித்து வைத்ததும் ஏறக்குறைய இதே நம்பிக்கைதான். இரண்டாவது பாதிதான் ரொம்ப நாள் இடித்தது. இரும்புக்குப் பயப்படுகிற பேய் எதற்கு இரும்பைக் கேட்கும்?

பழையனூர் நீலி கதையைப் படித்தபோது விடை கிடைத்தது. பழையனூர், திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர். போன பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் இப்போது வணிகனாகப் பிறந்திருக்கிறான். பழிவாங்க வருகிறாள் நீலி. அவன் கையில் மந்திரித்த கத்தி. அது இருக்கும்வரை அவளால் நெருங்க முடியாது.

கவனிங்க, நீலி அந்தக் கத்தியைத் தாங்கும் சக்தி எதையும் தேடிப் போகவில்லை. கள்ளிக்கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபையில் போய் அழுகிறாள். இவர் என் புருஷன், கையில் கத்தி இருக்கிறது, ராத்திரி என்னைக் கொன்றுவிடுவார் என்று. இவள் பேய் என்று அவன் கதறியது எடுபடவில்லை. வேளாளர் எழுபது பேரும், உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து, கத்தியை வாங்கிக்கொள்கிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையின் குறிப்பு இருக்கிறது. 'நீலிக் கண்ணீர்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த நீலிதான்.

பேய்க்குத்தான் இரும்பு ஆகாது. மனுஷருக்கு என்ன? அவர்களால் தாராளமாகக் கைநீட்டி வாங்க முடியும்.

இரணியன் கதை வேறு மாதிரி. அவன் வாங்கிய வரத்தின் வார்த்தைகளுக்கு நடுவிலேயே ஓட்டை இருக்கிறது. 1955-இல் வந்த டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் பாகத்திலும் அப்படித்தான். எந்த ஆண்மகன் கையாலும் விழமாட்டான் என்று வாக்குள்ள பேயரசனை ஒரு பெண்ணும் ஒரு ஹாபிட்டும் சேர்ந்து முடிக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான கதைகள்தான். ஆனாலும் எனக்கு நீலி கதைதான் ஒரு படி மேல். அதில் தோற்பது நல்லவர்களின் இரக்கம்.

நண்பருக்கு இதைத்தான் எழுதினேன். பட்டியல் இருக்கட்டும், இரும்பு யார் கையில் இருக்கிறது, அதைக் கேட்பது யார் என்று எழுதுங்க. ஒன்றை மட்டும் அவருக்கு எழுதவில்லை.

நான் ஆறாவது படித்தபோது, ஒரு நடுராத்திரியில் பக்கத்து வயல்காரர் வரப்போரம் வந்து அப்பாவிடம் கேட்டாராம்: "வரப்பு ஒடைஞ்சு போச்சு, எம் மம்பட்டி காம்பு முறிஞ்சிருச்சு, ஒன்னதக் குடுப்பா." அப்பா பதிலே பேசாமல் மம்பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

காலையில் போய்ப் பார்த்தால் நிஜமாகவே வரப்பு உடைந்து, நட்டு நாலு நாள் ஆன நாற்று பாதி போயிருந்தது. மனுஷன்தான் வந்திருக்கிறார். மூணு வருஷம் எங்க வீட்டு ஆட்களோடு பேசவில்லை. அப்பத்தாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பேயா இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டது.