உரித்த பின்னும் வாழும் மரம்

எங்கள் தொண்டிக் கரைக்கும் மரப்பட்டைக்கும் உள்ள உறவு பழமையானது. நைலான் வலை வருவதற்கு முன்னர், பருத்தி நூல் வலைகள் உப்புநீரில் இற்றுப்போகாதிருக்கும்பொருட்டு, அவற்றை மரப்பட்டை காய்ச்சிய சாற்றில் தோய்த்தெடுப்பது கடலோர வழக்கம். இன்று வலைக்குப் பட்டை வேண்டுவதில்லை. ஆனால் மருந்துக்கு வேண்டியிருக்கிறது. ஆகவேதான், ஆள் உயரத்திற்குச் சுற்றிலும் பட்டை உரிக்கப்பட்டு நிற்கும் வேம்பையும் மருதையும் நான் காண நேர்கிறது.

பட்டையை மரத்தின் சட்டை என்று பலர் எண்ணுகின்றனர். அது சட்டையன்று, சோறு செல்லும் வழி. வேர் உறிஞ்சும் நீர் கட்டையின் வழியாக மேலேறுகிறது. இலை சமைத்த உணவோ உட்பட்டையின் வழியாகவே கீழிறங்கி வேரை அடைகிறது. பட்டையை வளையமாக உரித்துவிட்டால் நீர் ஏறும், உணவு இறங்காது. இலைகள் சில காலம் பசுமையாகவே இருக்கும். மரம் பிழைத்துக்கொண்டது என்று நாம் நினைத்திருக்க, மண்ணுக்கடியில் வேர் பட்டினியால் மடிந்துகொண்டிருக்கும்.

அப்படியானால், பட்டையும் வேண்டும், மரமும் வேண்டும் என்பார்க்கு வழி உண்டா? உண்டு. நமக்கு அண்மையிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன.

முதலாவது நீலகிரியில். மலைக்காய்ச்சலுக்குரிய கொய்னா மருந்து சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. 1860களில் அங்கே அம்மரங்களை வளர்த்த மக்ஐவர் என்பவர், பட்டையை மேலிருந்து கீழாக நாடா நாடாகக் கீறி எடுத்தார். இடையிடையே பட்டையை விட்டுவைத்தார். உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. புதுப்பட்டையைப் பிறப்பிப்பது அதுவே. அது வெயிலில் உலராமலும் கத்தியால் சிதையாமலும் இருந்தமையால், உரித்த இடத்தில் மீண்டும் பட்டை வளர்ந்தது.

இரண்டாவது சான்று நம் கடலுக்கு அக்கரையில், இலங்கையில் உள்ளது. ஒரு காலத்தில் காட்டு மரங்களிலிருந்து உரிக்கப்பட்ட கறுவாவை, 18ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தோட்டப் பயிராக்கினர். இன்றும் அங்கே, ஏறத்தாழ இரண்டாண்டு வளர்ந்த தண்டுகளைத் தரையை ஒட்டி வெட்டி, அவற்றின் பட்டையை உரிக்கின்றனர். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கிறது. மழை பெய்தபின் பட்டை எளிதில் கழன்றுவரும் என்பதால் அப்பருவத்தையே தேர்ந்துகொள்கின்றனர்.

இவ்விரண்டிலிருந்தும் நாம் கொள்ளத்தக்கவை சில. துளிர்க்கும் இனமாயின் கிளையை வெட்டி அதில் உரிக்கலாம். ஆவாரைக்கு இதுவே ஏற்றது. வேம்பிலும் கழித்த கிளைகளின் பட்டையே போதும். மருதைப் போன்ற பெருமரத்தில் அடிமரத்தை உரிக்க நேர்ந்தால், நெடுக்காகச் சிறு துண்டு எடுக்க வேண்டும், உட்பட்டையைத் தொடலாகாது, அந்தக் காயம் ஆறும்வரை மறுபடி கத்தி வைக்கலாகாது. எக்காரணத்தாலும் வளையமாக உரிக்கலாகாது.

மழை குறைந்த இராமநாதபுரச் சீமையில் ஒரு மருதம் பெருமரமாவதற்கு ஒரு தலைமுறை ஆகிறது. அதனை ஒரே நாளில் உரித்து விற்பவனுக்கு ஒருமுறைதான் கூலி. அளந்து எடுப்பவனுக்கோ அவன் பேரன் காலத்திலும் பட்டை கிடைக்கும்.