ஐயர் சொன்னார், மாடுகள் வந்தன!

ராஜா கேட்டார், மாடு வரவில்லை. கும்பினியார் கேட்டார்கள், நெல் வரவில்லை. கறுப்பு அங்கி அணிந்த ஒரு பாதிரியார் கேட்டார். இரண்டு மூன்று நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன! கொஞ்ச நாட்களுக்குள் 80,000 கலம் தானியம் தஞ்சைக் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது!

யார் அந்தப் பாதிரியார்? தமிழரா? இல்லை, வெள்ளைக்காரர். ஆங்கிலேயர்கூட அல்ல, ஜெர்மானியர். கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்பது பெயர். நம் மக்கள் "சுவார்ட்ஸ் ஐயர்" என்று அழைத்தார்கள்.

1726-ல் பிறந்த அவர், 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். 1798-ல் தஞ்சையில் கண்ணை மூடினார். இடையில் 48 ஆண்டுகள். அதில் ஒரு தடவைகூட அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. கலியாணமும் செய்துகொள்ளவில்லை. 1762 முதல் 1778 வரை, 16 ஆண்டுகள், அவருக்குத் திருச்சிதான் வீடு.

பிற நாட்டில் போய்க் குடியிருப்பவனைக் கேட்டுப் பாருங்கள். எந்த நாடானாலும் சரி, எந்தக் காலமானாலும் சரி, அவன் சொல்லும் குறை இரண்டு. "வெளியே கிளம்பினால் பத்திரமில்லை. காரியம் ஆக வேண்டுமென்றால் கைக்கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது." சுவார்ட்ஸ் ஐயருக்கும் இந்த இரண்டு குறைகளும் இருந்தன. தாம் கண்டதையெல்லாம் லண்டனுக்கும், ஜெர்மனியில் உள்ள ஹாலே நகருக்கும் கடிதம் கடிதமாக எழுதினார். அவற்றைப் படித்தால் 18-ம் நூற்றாண்டுத் தமிழ்நாடு கண்முன் வந்து நிற்கிறது.

குறை சொன்னவர்கள் பலர் உண்டு. இவர் குறையை எப்படிப் பார்த்தார், பிறகு என்ன செய்தார் என்பதில்தான் கதை இருக்கிறது.

கோயிலுக்குள் பட்டாளம்

அவர் வந்தபோது திருச்சி எப்படி இருந்தது?

பத்து ஆண்டுகளுக்கு முன்புதான் அந்த ஊர் போர்க்களமாகக் கிடந்தது. 1751-ல் நவாபு முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் கோட்டையை முற்றுகையிட்டார்கள். நவாபுக்குத் துணையாக ஆங்கிலக் கும்பினி வந்தது. 1752-ல் பிரெஞ்சுத் தளபதி லா காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத் தீவுக்குள் பின்வாங்கினார். திருவானைக்காவல் கோயிலில் பிரெஞ்சுப் பட்டாளம் புகுந்தது. ஸ்ரீரங்கம் கோயிலில் சந்தா சாகிபின் படை புகுந்தது. சுவாமி தரிசனத்துக்காக எழுப்பிய மதில்கள் பீரங்கிக்கு மறைவாயின!

அந்த ஆண்டு ஜூன் மாதம் லா சரணடைந்தார். சந்தா சாகிபு கொல்லப்பட்டார். சண்டை அத்துடன் ஓயவில்லை. 1754 வரை நீடித்தது. அடுத்தடுத்து வந்த பட்டாளங்கள் வயலில் இருந்ததைத் தின்றன; வீட்டில் இருந்ததை எடுத்தன. சம்பளம் வராத சிப்பாய்க்கும் வழிப்பறிக்காரனுக்கும் அந்த நாளில் அதிக வித்தியாசம் கிடையாது.

ஆக, பத்திரமில்லை என்று வெள்ளைக்காரர் ஒருவர் முறையிட்ட அந்த ஊரின் பத்திரத்தைக் கெடுத்ததில் வெள்ளைக்காரருக்கே பெரும் பங்கு உண்டு. இதை மறைக்காமல் பார்த்தவர் சுவார்ட்ஸ். ஐரோப்பியரின் கெட்ட நடத்தையே தம் வேலைக்குப் பெரிய தடை என்று அவர் வருந்தினார்.

வெடித்தது கிடங்கு!

1763-ல் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. பலர் மாண்டார்கள். பட்டாளத்துக்காரர்களின் பிள்ளைகள் அநாதையாகி நின்றார்கள்.

சுவார்ட்ஸ் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்று திருச்சியில் நடக்கும் செயின்ட் ஜான்ஸ் வெஸ்ட்ரி பள்ளிக்கு அதுவே விதை. பிறகு 1766-ல் மலைக்கோட்டைக்கு அருகே ஒரு மாதா கோயில் கட்டி முடித்தார். தெப்பக்குளத்துப் பக்கம் போகிறவர்கள் அந்தக் கிறைஸ்ட் சர்ச்சை இன்றும் பார்க்கலாம்.

அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கேளுங்கள். பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறை. கட்டில் போட்டால் நடக்க இடமில்லை. சாதமும் காய்கறியும் சாப்பாடு. சாயம் தோய்த்த கறுப்புத் துணியில் அங்கி. மாத வருமானம் 10 வராகன். பிறகு கோட்டைப் பட்டாளத்துக்குக் குருவாக இருந்ததற்கு ஆண்டுக்கு 100 பவுன் வந்தது. அதையும் பள்ளிக்கும் ஊழியத்துக்குமே செலவழித்தார்.

அதே ஊரில், அதே நாளில், மற்ற வெள்ளைக்காரத் துரைமார்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

கடன் கொடுத்த துரைமார்

நவாபுக்கு யுத்தச் செலவு, ஆடம்பரச் செலவு. கையில் பணமில்லை. கும்பினி உத்தியோகஸ்தர்களே அவருக்குக் கடன் கொடுத்தார்கள், கடும் வட்டி! கடனுக்கு ஈடு என்ன? ஜில்லாக்களின் நிலவரி! கடன்காரரின் ஆட்கள் வரியை வசூலிக்கப் போனார்கள். நவாபு வாங்கிய கடனைத் திருச்சிப் பக்கத்துக் குடியானவன் நெல்லாக அளந்தான்.

1773-ல் கும்பினிப் படையின் உதவியோடு நவாபு தஞ்சையைப் பிடித்தார். அந்தச் சீமை வரியும் கடன்காரர் கைக்குப் போயிற்று. 1776-ல் சென்னைக் கவர்னர் பிகாட் பிரபு தஞ்சையைத் துளஜா ராஜாவிடமே திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்பீல்டு என்ற கும்பினி உத்தியோகஸ்தர், தஞ்சை விளைச்சலிலிருந்து தமக்கு 2 லட்சம் பவுனுக்கு மேல் வர வேண்டும் என்றார்!

சம்பளம் வாங்கும் ஓர் உத்தியோகஸ்தருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? கவர்னர் மறுத்தார். விளைவு? அந்த ஆகஸ்டில் கவர்னரையே அவருடைய ஆலோசனைச் சபையார் கைது செய்தார்கள். 1777-ல் காவலில் இருந்தபடியே அவர் இறந்தார். 1785-ல் எட்மண்ட் பர்க் இந்த ஆர்க்காட்டுக் கடன் ஊழலைப் பார்லிமெண்டில் கிழித்தெறிந்து பேசினார். பேசி என்ன? கடன்களுக்குச் சர்க்கார் அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

இதெல்லாம் நடந்தபோது சுவார்ட்ஸ் திருச்சியில் இருந்தார். தஞ்சைக்கும் போய் வந்துகொண்டிருந்தார். 1778-ல் தஞ்சையிலேயே குடியேறினார்.

இருநூறு சாட்டைகள்

"லஞ்சம் வாங்குகிறவனை நடுத்தெருவில் வைத்து நாலு சாத்து சாத்தினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அதையும் சுவார்ட்ஸ் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்.

1779-ல் சென்னைக் கவர்னர் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஐதர் அலியிடம் தூது அனுப்பினார். வேறு தூதர் வேண்டாம், அந்தக் கிறிஸ்தவரே வரட்டும், அவர் பொய் சொல்ல மாட்டார் என்று ஐதர் கேட்டதாகச் சொல்வார்கள். சமாதானத்துக்காக என்றால் வருகிறேன் என்று ஐயர் புறப்பட்டார்.

ஐதரின் அரண்மனையில் சாட்டையும் கையுமாக 200 பேர் எப்போதும் தயாராக நின்றார்கள். அடி விழாத நாள் இல்லை. பெரியவர், சிறியவர் என்ற பேதம் கிடையாது. வரி வசூலித்துக் கையாடியவர்களுக்குச் சதை கிழியும் அடி. ஆனால் அந்த உத்தியோகத்துக்கு ஆள் குறைந்ததா? இல்லை! ஏலம் கேட்பதுபோல ஒருவருக்கு மேல் ஒருவர் தொகை ஏற்றி அந்த வேலையைக் கேட்டார்கள் என்று எழுதி வைத்தார் சுவார்ட்ஸ். பணம் கொடுத்து வேலையை வாங்கியவன், அடிபட்டாலும் போட்ட பணத்தை எடுக்காமல் விடுவானா?

விடைபெறும்போது ஐதர் வழிச் செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். அவர்கள் வேண்டாம் என்றதும், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாக வைத்தார்.

தூது பலிக்கவில்லை. 1780-ல் ஐதர் கர்நாடகத்துக்குள் பாய்ந்தார். ஊர்கள் எரிந்தன. ஆனால் அந்தப் பாதிரியாரை மட்டும் யாரும் தடுக்கக்கூடாது என்று தம் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டிருந்தார் ஐதர். சண்டைக்கு நடுவே சுவார்ட்ஸ் தடையில்லாமல் போய் வந்தார். காவலுக்கு ஒரு சிப்பாய் கிடையாது. அவருடைய பெயரே காவல்.

நெல் ஏன் வரவில்லை?

இப்போது மாட்டுக் கதைக்கு வருவோம்.

யுத்தத்தால் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். சனங்கள் தெருவில் விழுந்து மாண்டார்கள். வெளியே கிராமங்களில் தானியம் இருந்தது. கொண்டுவர மாடு இல்லை. ராஜா குடியானவர்களைக் கேட்டார். அவர்கள் அசையவில்லை.

ஏன்? தேசத்துரோகமா? இல்லை. முன்பு மாடு கொடுத்தவனுக்கு வாடகை வரவில்லை. நெல் கொடுத்தவனுக்குக் காசு வரவில்லை. மேலிருந்து வந்த பணத்தை நடுவில் இருந்தவர்கள் விழுங்கிவிட்டார்கள். ஒரு தடவை ஏமாந்தவன் மறு தடவை மாட்டை அவிழ்ப்பானா?

கடைசியில் சுவார்ட்ஸிடம் வந்தார்கள். அவர் கிராமங்களுக்குச் சொல்லி அனுப்பினார்: கூலிக்கும் விலைக்கும் நான் பொறுப்பு. மாடுகள் வந்தன. நெல் வந்தது. கோட்டை பிழைத்தது. ஐயர் தம் கையாலேயே ஒவ்வொருவருக்கும் கணக்குத் தீர்த்து அனுப்பினார்.

சில ஆண்டுகளில் இன்னொரு சம்பவம். வரிக் கொடுமை தாங்காமல் தஞ்சைச் சீமையை விட்டு 65,000 பேர் வெளியேறிவிட்டார்கள். வயல்கள் தரிசாகக் கிடந்தன. ராஜா கூப்பிட்டும் யாரும் திரும்பவில்லை. நியாயம் நடக்கும் என்று ஐயர் வாக்குக் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள்! மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். பருவம் தப்புகிற சமயம். இரவு பகலாக உழுதார்கள். அந்த ஆண்டு விளைச்சல் முந்திய ஆண்டை மிஞ்சியது.

சனங்களிடம் சோம்பலும் இல்லை, திருட்டுக் குணமும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் அதிகாரிதான் இல்லை. சுவார்ட்ஸின் அனுபவத்தில் நாம் காண்பது இதைத்தான். கொள்ளைக்கும் கைக்கூலிக்கும் வேர் ஒன்றே. உழைத்தவனுக்குக் கூலி நிச்சயமில்லாத ஊரில் ஒருவன் பறிக்கிறான், ஒருவன் ஓடுகிறான், ஒருவன் லஞ்சம் கொடுத்துத் தப்புகிறான்.

ஐயரை அளவுக்கு மேல் புகழவும் வேண்டியதில்லை. அவர் மதம் பரப்ப வந்தவர். கும்பினிக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர். அவர் பேரில் சனங்கள் வைத்த நம்பிக்கை கும்பினிக்கும் பயன்பட்டது. அவர் இறந்த மறு ஆண்டே, 1799-ல், தஞ்சை ராஜ்யம் கும்பினி வசமாயிற்று. ஒருவருடைய கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் அவர் கதையே சாட்சி.

இன்று என்ன?

இன்று வெளிநாட்டார் திருச்சிக்குத் தரிசனத்துக்கு வருகிறார்கள்; படிக்க வருகிறார்கள்; தொழிலுக்கும் வருகிறார்கள். இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் கொட்டப்பட்டு முகாமில் தலைமுறை கடந்து வாழ்கிறார்கள். இவர்களுக்கு ஓட்டு இல்லை. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டமும் குடிமக்களுக்கு மட்டுமே. குறை சொல்லலாம், கேட்க ஆள் வேண்டும்.

நம் பக்கத்தையும் பாருங்கள். திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூருக்கும், மலேசியாவுக்கும், வளைகுடாவுக்கும் பெட்டியும் கையுமாக நிற்கிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். அங்கே போனதும் அவர்கள்தான் வேற்று நாட்டார். கூலி ஒழுங்காக வருமா, போலீசிடம் போனால் நியாயம் கிடைக்குமா என்ற கவலை அவர்களுக்கும் உண்டு. அங்கே நம் பிள்ளைக்கு எது வேண்டும் என்று நினைக்கிறோமோ, அதை இங்கே வருகிறவருக்குக் கொடுக்கிறோமா?

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறை 1964-ல் ஏற்பட்டது. 2018-ல் செய்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் அவர் மேல் குற்றமில்லை. இந்த 7 நாள் கணக்கை எத்தனை பேர் அறிவார்கள்?

தஞ்சையில் சுவார்ட்ஸ் பெயரால் உள்ள மாதா கோயிலில் ஒரு சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் ஐயர்; பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி மன்னர். லண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கியது. மன்னரே வரவழைத்து வைத்தது. மாடு ஓட்டி வந்த குடியானவர்கள் ஐயருக்குச் சிலை வைக்கவில்லை. அவர்கள் மாட்டுக்கு உரிய கூலியை வாங்கி, எண்ணிப் பார்த்து, மடியில் முடிந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். அடுத்த தடவை ஐயர் சொல்லி அனுப்பியபோது, ஏன் என்று கேட்காமல் வந்தார்கள்.