மரக்கோல் செய்த வைத்தியம்

1799-ம் வருஷம் இங்கிலாந்தில் பாத் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று நாம் சொல்கிறோம். அதை நடத்திய டாக்டர் ஜான் ஹேகார்த் அவ்வாறு நினைத்திருக்க மாட்டார்.

அக்காலத்தில் அந்நாட்டுச் சீமான்களிடையே ஒரு ஜோடி உலோகக் கோல்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி. அமெரிக்காவில் கனெக்டிகட்டைச் சேர்ந்த எலிஷா பெர்கின்ஸ் என்ற வைத்தியர் 1796-ல் பேடெண்டு உரிமை பெற்ற சரக்கு அது. நீளம் சுமார் 3 அங்குலம். நோவுள்ள இடத்தில் இக்கோல்களை வைத்து மெல்ல இழுத்தால், வலியும் கூடவே இழுபட்டு வந்துவிடுமாம்! லண்டனில் விலை 5 கினி. பெர்கின்ஸை வெறும் மோசக்காரர் என்று சொல்லவும் மனம் வரவில்லை. 1799-ல் நியூயார்க்கில் மஞ்சள் ஜுரம் பரவியபோது, தம் மருந்தை நம்பி அங்கே சென்று சிகிச்சை செய்து, அந்த ஜுரத்திற்கே அவர் பலியானார்.

ஹேகார்த்துக்குச் சந்தேகம் தட்டியது. மரத்தினால் அதே மாதிரி கோல்கள் செய்வித்து, உலோகம்போல் வர்ணம் பூசி, நாட்பட்ட வாத நோயாளிகள் 5 பேர்மீது இழுத்துப் பார்த்தார். நால்வர் வலி தணிந்ததென்றனர். மறுநாள் அசல் கோல்களை உபயோகித்தார். பலன் முதல்நாளைப் போலத்தான்!

அப்படியானால் எல்லாம் வெறும் பிரமைதானா? அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 1978-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில், பல் பிடுங்கப்பட்டவர்களுக்கு மருந்தில்லாத ஊசி போட்டார்கள். சிலருக்கு வலி தணிந்தது. பிறகு, அபினியின் வேலையைத் தடுக்கும் நாலாக்ஸோனைச் செலுத்தவே, தணிந்த வலி மறுபடி தலைதூக்கிற்று. நிவாரணத்தை எதிர்பார்த்த உடம்பு, அபினி போன்ற ஒரு வஸ்துவைத் தானே சுரந்திருக்க வேண்டுமென்று ஆராய்ச்சியாளர் கருதினர்.

ஆக்ஸ்போர்டில் 2011-ல் நடந்த சோதனை இதற்கு மறுபுறம். வலியடக்கும் மருந்து இரத்தத்தில் இறங்கிக்கொண்டேயிருக்க, ‘மருந்தை நிறுத்திவிட்டோம்’ என்றார்கள். அதைக் கேட்டதும் மருந்தின் பலன் அநேகமாக மறைந்துவிட்டது. நோயாளியின் காதுபடப் பேசும் உறவினர்கள் இதைக் கவனிப்பார்களாக!

நம்மை யோசிக்க வைப்பது அதே வருஷம் அமெரிக்காவில் வெளியான மற்றொரு கணக்கு. ஆஸ்துமாக்காரர்களுக்கு மெய்ம்மருந்தையும் பொய்ம்மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தனர். ஒரு விநாடியில் வெளிவிடும் மூச்சின் அளவு, மெய்ம்மருந்தால் நூற்றுக்கு 20 உயர்ந்தது. பொய்ம்மருந்தால் 7, ஒன்றுமே கொடுக்காதபோதும் அதே 7. ஆயினும், எவ்வளவு குணம் தெரிகிறது என்று நோயாளிகளைக் கேட்டால், மெய்ம்மருந்துக்கு 50 என்றும் பொய்ம்மருந்துக்கு 45 என்றும் சொன்னார்கள். மனம் தெளிந்தது, மூச்சுக்குழல் திறக்கவில்லை.

நம் வகுப்பில் இழுப்பு நோயுள்ள பையன் ஒருவன் இருக்கிறான். எப்பொழுது கேட்டாலும், “தேவலை, ஸார்” என்பான். பொய் சொல்லுகிற பிள்ளையல்ல. ஆனால் இந்தக் கணக்கைப் படித்தது முதல், அவன் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அவனை மைதானத்துக்கு அனுப்ப நமக்குத் துணிவு வருவதில்லை.