வேண்டாததை விலக்கும் உரிமை

டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்களில், பராமரிப்பாளர்களே மூல நிரலைக் கம்பைலரில் இட்டு, இயந்திரத்துக்கு நேரே விளங்கும் வடிவமாக்கி, பொதியாகக் கட்டிச் சர்வரில் சித்தமாக வைத்திருப்பதால், ஒரு கட்டளையை இட்ட மாத்திரத்தில் மென்பொருள் நம் கணினிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தச் சௌகரியத்தைத் துறந்து, மூல நிரலையே வருவித்துத் தம் கணினியிலேயே கம்பைல் செய்துகொள்பவர்களும் உண்டு. டேனியல் ராபின்ஸ் தொடங்கி, 2002-இல் 1.0 பதிப்பாக வெளிவந்த ஜென்டூ லினக்ஸ் அதையே விரதமாகக் கொண்டது.

அதிவேகமாக நீந்தும் ஒரு பெங்குவின் இனத்தின் பெயரைச் சூடிக்கொண்டதாலோ என்னவோ, ஜென்டூவின் பிரயோஜனம் வேகமே என்ற எண்ணம் அதன் பக்தர்களிடம் வெகுகாலம் வேரூன்றியிருந்தது. பழைய சிப்பிலும் ஓடியாகவேண்டிய பொதுப் பொதி, புதிய சிப்பின் ஆற்றல் முழுவதையும் பயன்படுத்துவதில்லை என்பது மெய்தான். ஆயினும் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் கணினி வைத்திருப்பவர், லிபர்ஆபீஸைக் கம்பைல் செய்யச் செலவான மணிக்கணக்கான நேரத்தை அதன் வேகத்தால் மீட்டுவிடலாம் என்று கருதுவது வீண் ஆசை.

விசேஷம் விலக்குவதில் இருக்கிறது. அமைப்புக் கோப்பிலுள்ள ‘யூஸ்’ வரியில் ப்ளூடூத் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இட்டால், அந்த அம்சத்தை நம் விருப்பத்துக்கு விட்டிருக்கும் மென்பொருள்களெல்லாம் அது இல்லாமலே உருவாகின்றன.

இதன் அருமை 2014 ஏப்ரலில், ஹார்ட்பிளீட் என்னும் பிழை வெளிப்பட்டபோது விளங்கிற்று. இணையப் பரிமாற்றத்தை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல்லில், தொடர்பு உயிரோடிருக்கிறதா என்றறிய ஒரு முனை அனுப்பும் சிறு செய்தியை மறுமுனை அப்படியே திருப்பி அனுப்பும் ‘ஹார்ட்பீட்’ என்ற அம்சம் இருந்தது. செய்தியின் நீளமாக அனுப்புகிறவர் சொன்னதைச் சரிபாராமல் நம்பியதனால், ஓரிரு எழுத்தை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று பொய் சொன்னவருக்கு, நினைவகத்தில் பக்கத்தே கிடந்த கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும்கூடச் சேர்ந்து போய்விடக்கூடும். உடனே புதிய பதிப்புக்கு மாற இயலாதவர்கள் ஹார்ட்பீட்டை நீக்கிக் கம்பைல் செய்துகொள்ளலாம் என்று ஓபன்எஸ்எஸ்எல் குழுவினரே அறிவித்தார்கள்.

ஆனால் டெபியன் அன்றைக்கே திருத்திய பொதியை வெளியிட்டுவிட்டது என்பதையும் சொல்லாமலிருப்பது நியாயமாகாது. என்றைக்கோ தம் கையால் கம்பைல் செய்து ஒரு மூலையில் நிறுவியதை மறந்துபோனவருக்கு, அவ்விதம் நினைவூட்டித் திருத்தித் தருவார் எவருமில்லை. விலக்கும் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டவர், காவல் காக்கும் சிரமத்தையும் தாமே ஏற்றாகவேண்டும்.

இந்தச் சிரமத்தை உணர்ந்தோ, உபயோகிப்பவர்களின் பொறுமையை மதித்தோ, ஜென்டூவும் 2023 டிசம்பர் முதல் ஏராளமான ஆயத்தப் பொதிகளைத் தன் சர்வர்களில் வைத்திருக்கிறது. உங்கள் ‘யூஸ்’ தெரிவுகளும் பொதியின் தெரிவுகளும் பொருந்தினால் அதை இறக்கிக்கொள்ளவும், பொருந்தாவிட்டால் வழக்கம்போல மூல நிரலிலிருந்து கம்பைல் செய்யவும் அதன் போர்ட்டேஜ் மேலாளரைப் பணித்துவைக்கலாம்.