பூஸ்ரர் தண்டும் சூடேறிய சில்லுகளும்

பழைய வாகனங்கள் பற்றிய சென்ற மாத உரையில் பிறேக் பூஸ்ரர் பற்றிச் சொல்லத் தொடங்க, நேரம் முடிந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் 1986ஆம் ஆண்டு ரொயோட்டா லாண்ட் குறூசர் ஒன்று உண்டு, 60 வரிசை. ஓர் ஓகஸ்ட் மாதம் சார்ஜாவிலிருந்து மசாபிக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். அல் தைத்தைத் தாண்டியதும் வாகனம் இழுக்க மறுத்தது. கருகிய மணம். பிறேக் பெடல் கல்லுப்போல இறுகி நின்றது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் முன் சில்லுகள் இரண்டும் கிட்டப் போகமுடியாத சூடு. ஒரு மணித்தியாலம் ஆறவிட்ட பிறகுதான் வாகனம் நகர்ந்தது.

அதற்கு முந்திய கிழமைதான் ஒரு கராஜில் மாஸ்ரர் சிலிண்டரைப் புதிதாக மாற்றியிருந்தேன். அங்கே கேட்டபோது, "இரண்டு கலிப்பரும் இறுகிவிட்டன, மாற்றவேண்டும்" என்றார்கள். நான் கணக்காளன். இரண்டு கிளைகளிலும் ஒரே நாளில் கணக்கு இடித்தால், தலைமை அலுவலகப் பேரேட்டைத்தான் முதலில் திறப்பேன்.

ஊரில் எங்கள் அப்பாமார் ஓடிய மொறிஸ் மைனரில் பூஸ்ரர் கிடையாது. காலின் பலம் மட்டுந்தான். பிந்திய வாகனங்களில் பெடலுக்கும் மாஸ்ரர் சிலிண்டருக்கும் இடையே கறுப்புத் தகரச் சட்டிபோல் இருப்பதுதான் பூஸ்ரர். உள்ளே ஓர் இறப்பர் சவ்வு. அதன் இரு பக்கத்துக் காற்றையும் என்ஜின் உறிஞ்சி வைத்திருக்கும். பெடலை மிதித்ததும் பின்பக்கம் வெளிக்காற்று புகுந்து சவ்வை முன்னே தள்ளும். நடுவிலுள்ள தண்டு மாஸ்ரர் சிலிண்டரின் பிஸ்ரனை அழுத்தும்.

சங்கதி இந்தத் தண்டின் நீளத்தில்தான் இருக்கிறது. காலை எடுத்ததும் பிஸ்ரன் முழுதாகப் பின்னே வரவேண்டும். அப்போதுதான் சிலிண்டருக்குள் இருக்கும் ஊசித்துளை போன்ற வழி திறந்து, சூட்டில் விரிந்த எண்ணெய் மேலேயுள்ள கிண்ணத்துக்குத் திரும்பும். தண்டு ஒரு மில்லிமீற்றர் நீண்டாலும் அந்தத் துளை மூடியே கிடக்கும். விரிந்த எண்ணெய் பிறேக்கை அழுத்தும், அழுத்தினால் சூடு, சூட்டில் இன்னும் விரியும். வட்டிக்கு வட்டி! டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் தாங்கவேண்டும். ஈரம் ஏறினால் 140 அளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்துக் குமிழி வந்தால் இறுகி நின்ற அதே பெடல் தரைவரை போய்விடும். மலைப்பாதையில் அது நடந்திருந்தால் என்று நினைக்க இப்போதும் உடல் கூசுகிறது.

சோதிப்பது எப்படி? முதலில் பெடலைப் பாருங்கள். என்ஜினை நிறுத்தி, பலமுறை மிதித்து வெற்றிடத்தைப் போக்கியபின், பெடல் பொதுவாக 3 முதல் 6 மில்லிமீற்றர் சும்மா ஆடவேண்டும். பிறகு, சில்லு இறுகியிருக்கும்போதே மாஸ்ரர் சிலிண்டரைப் பூஸ்ரரோடு பிடித்திருக்கும் நட்டுகளைச் சிறிது தளர்த்துங்கள். சில்லு உடனே சுழன்றால் குற்றம் தண்டில் அல்லது பெடல் பக்கத்தில். சுழலாவிட்டால் குழாயையும் கலிப்பரையும் பார்க்கலாம். என் வாகனத்தில் இரண்டு சில்லும் உடனே விட்டுக்கொடுத்தன.

அளக்க ரொயோட்டாவின் தனிக்கருவி உண்டு. எனக்கு உதவியது பிள்ளைகளின் பிளாஸ்ரிசின். தண்டின் நுனியில் ஒரு துளி ஒட்டி, இடையிலுள்ள கஸ்கற்றோடு சிலிண்டரைப் பூட்டிக் கழற்றினால், நசுங்கிய தடிப்புத்தான் இடைவெளி. எனக்குத் தடிப்பே இல்லை. நுனி வெறுமையாக வந்தது. தண்டைக் குறட்டால் பிடித்து, நுனியிலுள்ள நட்டைச் சிறு ஸ்பனரால் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அளந்தேன். எவ்வளவு இடைவெளி, எந்த நிலையில் அளப்பது என்பதை அந்தந்த வாகனக் கையேட்டில் பாருங்கள். கூடுதலாகக் குறைத்தால் பெடல் ஆழமாகப் போனபிறகே பிறேக் பிடிக்கும்.

ஒன்று மட்டும் கவனம். தண்டை வெளியே இழுக்காதீர்கள். உள்ளே ஒரு சின்ன இறப்பர் வட்டு இருக்கிறது. அது கழன்று விழுந்தால் பூஸ்ரரையே பிரிக்கவேண்டி வரும். பிறேக்கில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, "தண்டை அளந்தீர்களா?" என்று கேட்டால் போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே வீதியால் மசாபி போய் வந்தோம். இடையில் மூன்று தடவை இறங்கிச் சில்லைத் தொட்டுப் பார்த்தேன், மனைவி சிரித்தா. மாற்றச் சொன்ன கலிப்பர்கள் இரண்டும் இன்னும் அந்த வாகனத்தில்தான் ஓடுகின்றன.