பதுங்கியிருக்கும் எச்.ஐ.வி.: அளந்தறிய முடியுமா?

புது தில்லி: நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய சில நாள்களில், 2022 ஜூலையில், ஜன்பத் சாலையில் உள்ள தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவன (நாகோ) அலுவலகத்தின் முன்பு எச்.ஐ.வி. பாதித்தவர்கள் தர்னாவில் அமர்ந்தனர். மாதம் முழுவதற்கும் தர வேண்டிய கூட்டு மருந்து சில நாள்களுக்கு மட்டுமே தரப்படுவதாக அவர்கள் புகார் கூறினர். பெரும்பாலானோருக்குத் தட்டுப்பாடு இல்லை என்றது மத்திய அரசு. போராட்டம் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது.

ரத்தத்தில் வைரஸே தென்படவில்லை என்று பரிசோதனை கூறிய பிறகும் மாத்திரைக்காக ஏன் இத்தனை பதற்றம்?

கூட்டு மருந்து, வைரஸ் பெருகுவதை மட்டுமே தடுக்கிறது. ஓய்வு நிலையில் உள்ள சிடி4 வெள்ளை அணுக்களின் மரபணுவுக்குள் சேர்ந்துகொண்ட வைரஸ் எதையும் உற்பத்தி செய்யாமல் உறங்குவதால், மருந்து அதைத் தொடுவதில்லை. சிகிச்சையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் தலைதூக்குகிறது. இந்தப் பதுங்கல் பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகும் என்றும், தொடர் சிகிச்சையிலும் அது முற்றிலும் அழிய 70 ஆண்டுகளுக்கு மேல் தேவைப்படும் என்றும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சிலிசியானோ குழுவினர் 2003-இல் கணக்கிட்டனர். அதாவது, ஆயுள் முழுவதும் மருந்து.

அளப்பதுதான் பெரும் சிக்கல். விழித்தெழக்கூடிய வைரஸைச் சுமக்கும் அணு, பத்து லட்சம் அணுக்களில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். நூறு மில்லிக்கும் மேல் ரத்தம் எடுத்து, அணுக்களைப் பிரித்துத் தூண்டி, வைரஸ் வளர்கிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்கும் பழைய முறை, உண்மையைவிடக் குறைவாகக் காட்டுகிறது. ஒரே தூண்டுதலில் எல்லா வைரஸும் எழுவதில்லை. எளிய மரபணுச் சோதனையோ மிகைப்படுத்துகிறது. அது எண்ணும் வைரஸ்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பழுதுபட்டவை, இனி எழவே முடியாதவை. இதன் விலையை உலகம் 2014-இல் கண்டது. மிஸிஸிபி மாகாணத்துக் குழந்தை ஒன்று மருந்தின்றி 27 மாதங்கள் வைரஸ் இல்லாமல் இருந்தது. குணமாகிவிட்டது என்றே பலரும் நம்பினர். பிறகு வைரஸ் திரும்பியது.

பழுதற்ற வைரஸை மட்டும் எண்ணும் புதிய முறையை 2019-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆனால் அது மேலை நாடுகளில் மிகுந்துள்ள 'பி' வகை வைரஸுக்காக வடிவமைக்கப்பட்டது. இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் 'சி' வகை. மரபணு எழுத்துகள் ஆங்காங்கே வேறுபடுவதால், அந்த அளவுகோல் இங்கே பிழையாகக் காட்டக்கூடும். 'சி' வகைக்கேற்ப மாற்றியமைத்த சோதனைகள் பின்னரே வந்தன. உலகில் எச்.ஐ.வி. பாதித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருப்பது 'சி' வகைதான் என்பதை நினைத்தால், இந்தத் தாமதம் வியப்பளிக்கிறது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உதயகுமார் ரங்கா குழுவினர், 'சி' வகையின் உறக்கத்தையும் விழிப்பையும் ஆளும் மரபணுப் பகுதியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர்; அப்பகுதியில் மாற்றம் பெற்ற புதிய வைரஸ்கள் இந்தியாவில் தோன்றியிருப்பதை 2012-இல் வெளியிட்டனர்.

நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்வதாக 2023-ஆம் ஆண்டுக்கான நாகோ மதிப்பீடு கூறுகிறது. இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்று. அரசு மையங்களில் செய்யப்படும் வைரஸ் அளவுப் பரிசோதனை, ரத்தத்தில் மிதப்பதை மட்டுமே காட்டும். பதுங்கலை அளப்பது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. ஆகவே, யார் மருந்தைத் துணிந்து நிறுத்தலாம் என்று எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. தடையற்ற விநியோகம் ஒன்றே வழி.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு மசோதா 2017 மார்ச்சில் மாநிலங்களவையிலும், ஏப்ரலில் மக்களவையிலும் நிறைவேறியது. கூட்டு மருந்தை 'இயன்ற வரை' அரசு வழங்கும் என்ற வாசகத்துக்கு அப்போதே ஆட்சேபம் எழுந்தது. 2018 செப்டம்பர் 10-இல் சட்டம் அமலுக்கு வந்தபோதும் அதன் 14-ஆவது பிரிவில் 'இயன்ற வரை' நீக்கப்படாமலே இருந்தது.