உலகம் சூடாகிறது; மூணாறில் ஏன் உறைபனி?

மார்கழி, தை மாதங்களில் மூணாறு எஸ்டேட்டுகளில் பொழுது விடியும்போது புல்வெளி, வெள்ளை வேட்டி விரித்தாற்போல் கிடக்கும். சுற்றுலா வருவோருக்கு அது வேடிக்கை. தேயிலைத் தொழிலாளிக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும். உறைபனி படிந்த கொழுந்து, வெயில் ஏறியதும் கருகிவிடும். புதுக் கொழுந்து துளிர்க்கும் வரை பறிப்பு குறையும். எடைக்கேற்பக் கிடைக்கும் கூடுதல் கூலியும் போய்விடும்.

2019 ஜனவரியில் இங்கு வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. உலகம் சூடாகிறதென்றால் இந்தக் குளிர் எப்படி?

வானத்தில் ஓர் ஆறு

தரைக்கு மேல் சுமார் 10 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக 'ஜெட் காற்று' ஓடுகிறது. குளிர்காலத்தில் இதன் வேகம் மணிக்கு 150 கி.மீ.யையும் தாண்டும். துருவத்துக்கும் வெப்ப நாடுகளுக்கும் உள்ள வெப்ப வித்தியாசமே இதை ஓட்டுகிறது. இதன் ஒரு கிளை குளிர்காலத்தில் இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் மேல் வீசுகிறது.

1979 முதல் வடதுருவப் பகுதி, உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறி வருவதாக 2022ல் பின்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். வித்தியாசம் குறைந்தால் காற்று தளர்ந்து, சமவெளி ஆறுபோல் வளையும். வளைவு தெற்கே இறங்குமிடத்தில் கடுங்குளிர் அடிக்கும் என்பது ஒரு சாரார் கருத்து. வெப்ப நாடுகளின் மேல்வானம் அதிகம் சூடேறுவதால் காற்று வலுக்கவே செய்யும் என்பது மறுசாரார் வாதம். வழக்கு இன்னும் தீரவில்லை.

கணவாய்க் காற்று

வடக்கத்திக் குளிர் நேரே மூணாறுக்கு வந்து இறங்குவதில்லை. மேகமற்ற, காற்று அசையாத, வறண்ட இரவில் தரையின் சூடு வானுக்குப் போய்விடுவதால்தான் பனி உறைகிறது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் வறண்ட காற்று அதற்குத் துணை செய்கிறது.

அதே பருவத்தில் கோவைப் பக்கமிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் கிழக்குக் காற்றை மலையாளிகள் 'விருச்சிகக் காற்று' என்பர். வாளையாறு, சித்தூர் வயல்களின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். வடக்கே காற்றழுத்தம் மாறினால் இதன் போக்கும் மாறக்கூடும்.

ஓரிரவு போதும்

சராசரி வெப்பம் உயர்வதால் உறைபனி ஒழிந்துவிடாது. ஓரிரவுப் பனி போதும், பல வார உழைப்பைக் கருக்க! நீலகிரியில் இளந்தேயிலைச் செடிகளைக் காய்ந்த செடிகொடிகளால் மூடிக் காக்கிறார்கள். செடிக்கு அந்தப் போர்வை உண்டு. கொழுந்து கருகும் நாட்களில் கூலி இழக்கும் குடும்பத்துக்கும் ஒரு போர்வை வேண்டாமா?